தீத்துஸின் மனைவி தைத்த சட்டை

யுடித்தாவுக்கு நான் ஒன்பது குரோனர் கடன்பட்டிருந்தேன். இன்று இந்தக் குடியிருப்பில் இரண்டு மோட்டார் படகு வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அந்தக் கடனுக்குப் பிறகு யாரிடமும் கடன் சொன்னதில்லை. அன்று எனக்கு அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை, துயிலிக்கும் இல்லை.

துயிலிக் இல்லாதவன் எங்கள் பனிக்கடலில் வேட்டைக்காரன் ஆக முடியாது. சீல் என்னும் கடல்நாயின் தோலில் தலைமூடியோடு தைத்த சட்டை அது. முகத்தைச் சுற்றியும் மணிக்கட்டிலும் வாரால் இறுக்கி, கீழ் விளிம்பை ஒற்றையாள் தோல்படகான கயாக்கின் வாய் வளையத்தில் கட்டிவிட்டால் ஆளும் படகும் ஒரே தோல். கவிழ்ந்தாலும் துடுப்பை வீசி நிமிர்ந்துவிடலாம். உள்ளே தண்ணீர் புகுந்தால் கை மரத்துப்போகும்; அப்புறம் எங்கே நிமிர்வது?

யுடித்தாவின் கணவன் தீத்துஸ் அப்படித்தான் செத்தான். கவிழ்ந்த கயாக்கில் தலைகீழாகத் தொங்கியவனைக் கரைக்கு இழுத்தபோது சட்டை நிறையத் தண்ணீர். அவள் தைத்த சட்டை. அதோடேயே வைத்துக் கல் அடுக்கிப் புதைத்துவிட்டார்கள்.

“வேட்டைக்குப் போன எடத்துல கைப்பட்டி கிழிஞ்சிருக்கு. கடை நூலால அவரே தைச்சிருக்காரு,” என்று அவன் பையில் கிடந்த நூல்கண்டைக் காட்டினாள். “நான் தைக்கிற மிருக நரம்பு நூல்னா நனைஞ்சதும் ஊதி, ஊசி ஓட்டைய அடைச்சிக்கும். பருத்தி நூல் அடைக்காது.”

“புருஷனைக் கொன்ன ஊசி அது,” என்றார் எரேமியாஸ். மூத்த வேட்டைக்காரர், அவர் சொன்னால் சொன்னதுதான். அதன்பின் யாரும் அவளிடம் தைக்கத் தோல் கொடுக்கவில்லை; கூலியும் நின்றது. அந்தக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் விளக்கை எரிக்கக் கொழுப்பில்லாமல் அவளுடைய சின்ன மகள் இருமி இருமிச் செத்தாள்.

பனி உடையத் தொடங்கியபோது நான் போனேன்.

“அக்கா, எனக்கு ஒண்ணு தைச்சுக் குடு. வேட்டையாடித்தான் காசு தருவேன்.”

“நீ மூழ்கிட்டா?”

“ஒன் காசும் மூழ்கிடும்.”

அவள் சிரிக்கவில்லை. தீத்துஸ் அடித்து வைத்த தோல்களை எடுத்தாள்.

அதைப் போட்டுக்கொண்டு நான் கயாக்கில் இறங்கியபோது ஊரே கரையில் நின்றது.

“ஏன்டா ஏனோக், பொணத்துணி அளவு சரியா இருக்கா?” என்றார் எரேமியாஸ்.

“வந்ததும் நீங்களே தொட்டுப் பாருங்க பெரியவரே.”

வேண்டுமென்றே கவிழ்ந்தேன். இரவல் சட்டைகளில் பழகியவன்தான். ஆனாலும் என்னைப் போலத் தலைகீழாகத் தொங்க அந்தக் கரையில் ஒருவனுக்கும் நெஞ்சுரம் கிடையாது. கரையில் பெண்கள் அழத் தொடங்கிய பிறகுதான் நிமிர்ந்தேன். எரேமியாஸ் என் முகவாரை அவிழ்த்துச் சட்டைக்குள் கைவிட்டுத் துழாவினார்.

“காஞ்சுதான் கெடக்கு,” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

என் முதல் சீல்களின் கொழுப்பைக் கடையில் போட்டுக் காசாக்கிக்கொண்டு யுடித்தாவின் வீட்டுக்குப் போனேன். எரேமியாஸின் புதுச்சட்டை பாதி தைத்தபடி அவள் மடியில் கிடந்தது.

“இந்தத் தோல அவரு குளிர்காலத்துலேயே அனுப்பியிருந்தா...” என்றவள், சின்னவள் முன்பு படுத்த பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பிறகு ஊசியை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். நரம்பு நூல் அறுத்த தழும்புகள் நிறைந்த அந்த உள்ளங்கையில் ஒன்பது குரோனரையும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன்.