நீலக் கயிறு

என் மேசை இழுப்பறையில் ஒரு பென் டிரைவ் கிடக்கிறது. கறுப்பு நிறம், மூடி என்றைக்கோ தொலைந்துவிட்டது, ஓரத்து ஓட்டையில் நீல நைலான் கயிறு ஒன்று கோத்திருக்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லை. ஆனாலும் தூக்கிப் போட மனசு வருவதில்லை. இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் கையில் எடுப்பேன், முகம் சூடாகும், வைத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். அது ஒரு காலத்தில், நாங்கள் எழுதும் மென்பொருளைக் கட்டி அனுப்புகிற எங்கள் பில்டு அக்காவின் கழுத்தில் தொங்கியது.

ராயபுரத்தில் மீன்வலையும் கயிறும் விற்கிற கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். அந்த நீலக் கயிறுகூட அந்தக் கடையில் சும்மா வாங்கியதுதான். துறைமுகத்துப் பக்கம் வருகிற கன்டெய்னர் லாரிகளை யார்டு வாசலில் சரிபார்த்து உள்ளே விடுகிற மென்பொருள் எங்கள் பிழைப்பு. ஜாவாவில் எழுதுகிறோம். எழுதினால் மட்டும் ஆயிற்றா? எழுதியதைத் தொகுத்து, சோதித்து, ஒரே கோப்பாகக் கட்டி, கையெழுத்துப் போட்டு, வாடிக்கையாளர்கள் எடுத்துக்கொள்கிற பொதுக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். இதையெல்லாம் மேவன் என்கிற கருவி செய்யும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பிளகின். எது எப்போது ஓட வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். அந்தக் கோப்பு அக்காவின் ராஜ்ஜியம். நாங்கள் யாராவது அதில் கை வைத்தால் அன்றைக்கு எங்கள் பரம்பரைக்கே பூசை நடக்கும்.

கையெழுத்து என்றால் பேனாவால் போடுவது இல்லை. ஒரு ரகசியச் சாவி இருக்கும். அதுவும் ஒரு கோப்புதான். அதைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு. அந்தச் சாவியின் முத்திரை விழுந்தால்தான் யார்டு வாசலில் இருக்கிற கணினிகள் எங்கள் மென்பொருளை ஏற்றுக்கொள்ளும். அந்தச் சாவியைத்தான் அக்கா பென் டிரைவில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார். கட்டுமானம் முழுதும் முடிந்த பிறகே கையெழுத்துப் பிளகின் ஓட வேண்டும் என்பதில் ரொம்பக் கறார். "துன்னு முடிச்சிட்டுதான் கை கயுவணும். கயுவிட்டு மறுபடி கொயம்புல கை வெச்சா இன்னாமே அர்த்தம்?" என்பார். ஏற்றுவதற்கு முன் எழுந்து நின்று, "ஏத்தட்டா?" என்று அலுவலகம் அதிரக் கத்துவார். நாங்கள் எல்லோரும் "ஏத்துக்கா!" என்று திருப்பிக் கத்த வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும், "எவன் அவன் வாயத் தொறக்காதவன்? ஏத்துனா ஏத்துனதுதான், அப்பால எறக்க முடியாது, இப்பவே சொல்லிடு" என்று நிறுத்திவிடுவார். அக்காவின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அங்கிருந்து வந்த பழக்கமாக இருக்கலாம், நாங்கள் கேட்டதில்லை.

அக்கா வியாசர்பாடி. நான் விம்கோ நகர். வீட்டில் நானும் 'இன்னா'தான், 'கீது'தான். கான்வென்ட்டில் படித்ததால் அலுவலகப் படியேறும்போதே நாக்கை மாற்றிக்கொள்ளத் தெரியும். அக்கா மாற்றமாட்டார். மேலாளரிடமும் அதே பேச்சு, டீ கொண்டுவருகிறவரிடமும் அதே பேச்சு. புதிதாக ஒரு மேலாளர் வந்தார். பழைய மகாபலிபுரம் சாலையில் பெரிய கம்பெனியில் இருந்தவர். கெட்டவர் என்று சொல்ல வாய் வராது, எல்லோருடைய பிறந்தநாளையும் நினைவு வைத்திருப்பார். ஒருநாள் வாடிக்கையாளருடன் வீடியோ கூட்டத்தில் அக்கா, "பிளகின் கொஞ்சம் மக்கர் பண்ணுது சார், ரெடி பண்ணிகினு கீறேன்" என்றார். அந்தப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேலாளரின் காது சிவந்தது. மறுநாளிலிருந்து கூட்டத்தில் நான் பேசுவது என்று ஏற்பாடு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பதிலைத் தட்டச்சு செய்வார், நான் அதை நறுக்கென்று ஆங்கிலத்தில் சொல்வேன். "நீ வாய், நான் மூள. நல்ல ஜோடிதான் போ" என்று அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். வாடிக்கையாளர்கள் என்னைப் பாராட்டினார்கள். கொஞ்ச காலத்தில் அக்காவின் இடத்துக்கு என்னைத் தலைவியாகப் போட்டார்கள்.

அக்கா சண்டை போடவில்லை. வேறு கம்பெனியில் வீட்டிலிருந்தே செய்கிற வேலை கிடைத்தது என்று எழுதிக்கொடுத்துவிட்டார். கடைசி நாளில் எங்கள் எல்லோருக்கும் நடுவில் நின்று, கழுத்திலிருந்து நீலக் கயிற்றைக் கழற்றி மேலாளர் கையில் கொடுத்து, பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி உறையில் போட்டு ஒட்டியும் கொடுத்தார். "பத்திரம் சார், இது ஒண்ணுதான் கீது" என்றார். மேலாளர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். பிறகு ஏதோ கண்காட்சிக்குப் படங்கள் எடுத்துப்போக வேண்டியிருந்தபோது அந்தப் பென் டிரைவை அழித்துப் படங்களை ஏற்றிக்கொண்டார், கண்காட்சி முடிந்ததும் அவற்றையும் அழித்துவிட்டார். அக்கா பயன்படுத்திய கணினியையும் முதல் வாரத்திலேயே துடைத்துப் புதுப் பையனுக்குக் கொடுத்தாயிற்று. உறை மட்டும் பத்திரமாக இருந்தது.

இது எங்களுக்குத் தெரிந்தது பல மாதம் கழித்து, ஒரு புதன்கிழமையில். அதுவரை புதுப் பதிப்பு ஏற்ற வேண்டிய தேவையே வரவில்லை. அன்று காலை யார்டுக்காரர்கள் தங்கள் கணினிகளைப் புதுப்பித்தார்கள், எங்கள் மென்பொருள் படுத்துவிட்டது. வாசல் திறக்கவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. "வரிசை விம்கோ நகர் தாண்டிடுச்சு, ரோட்டக் கடக்க முடியல, டிரைவருங்க ஓரமா அடுப்பு மூட்டிட்டாங்க" என்று அம்மா போன் செய்தாள். பிழையை மத்தியானத்துக்குள் சரிசெய்துவிட்டோம். ஏற்றப் போனால் கையெழுத்துப் பிளகின் 'சாவி இல்லை' என்று நின்றுவிட்டது. புதுச் சாவி போட்டால் யார்டுக்காரர்களின் தலைமையிடம் ஏற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆகுமாம். அப்போதுதான் மேலாளர் சொன்னார்: "ஒரு காப்பி இல்லாமலா போயிருப்பாங்க? அந்த ஏரியா ஆளுங்க வெவரமானவங்க. நீ போய்ப் பக்குவமாக் கேளு." நான் தலையாட்டினேன். அந்தப் பென் டிரைவையே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

வியாசர்பாடியில் அக்கா வீடு, குடியிருப்பில் இரண்டாவது மாடி. முன்னறையில் அக்கா வேலையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் மடிக்கணினியை மூடினார், பிறகுதான், "வாமே! வயி தெரிஞ்சுதா?" என்று எழுந்தார். எட்டிப் பார்த்துவிடுவேன் என்று மூடுகிறாரா என்று எனக்குச் சுருக்கென்றது. கீழே கடையிலிருந்து அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். லாரி வரிசை பற்றி, யார்டு பற்றி எல்லாம் சொன்னேன். உச்சுக் கொட்டினார். பிறகு கயிற்றைப் பிடித்துப் பென் டிரைவை நீட்டி, குரலில் தேன் தடவி, "அக்கா, சாவியோட காப்பி ஒண்ணு உங்ககிட்ட இருக்கும்ல? அத மட்டும் இதுல போட்டுக் குடுத்துட்டீங்கன்னா போதும்" என்றேன்.

அக்கா பென் டிரைவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எங்கிட்ட எப்டிமே இருக்கும்? எல்லார் முன்னாடியுந்தானே குடுத்தேன். நீயும் நின்னுகினு இருந்தியே."

"இல்லக்கா, ஒருவேளை..."

"ஒருவேளைன்னா? வேலய வுட்டு வந்தவ சாவிய வெச்சிகினு இருந்தா அவளுக்குப் பேரு இன்னா?"

பென் டிரைவை நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். பேசத் தெரிந்தவள் என்று பேரெடுத்தவள் நான். நான் கேட்டதில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு முறை அக்கா போட்டிருந்தேன், பன்மையில் பேசியிருந்தேன். ஆனால் அதையெல்லாம் உரித்துவிட்டுப் பார்த்தால், 'நீ திருடி வைத்திருப்பாய், நல்லவேளை, இன்றைக்கு அது எங்களுக்கு உதவும்' என்றுதானே சொல்லியிருக்கிறேன்? அக்காவின் ஏரியாவைப் பற்றி மேலாளர் சொன்ன சொல்லை ராயபுரத்திலிருந்து ஒரு சொட்டுச் சிந்தாமல் சுமந்து வந்து வீட்டு வாசலில் இறக்கியிருக்கிறேன். விம்கோ நகர்க்காரி நான். என் ஏரியாவைப் பற்றியும் அதே ஆள் அதே வார்த்தையைச் சொல்லக்கூடியவர் என்பதுகூட அந்த நிமிஷம் வரை எனக்கு உறைக்கவில்லை. சீ, என்ன ஜென்மம் என்றிருந்தது.

அக்காவே, "உன் சாவி இன்னா ஆச்சு?" என்றார்.

"எந்தச் சாவி?"

"அடிப்பாவி!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அக்கா கிளம்புகிற வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னை உட்காரவைத்து என் கணினியில் என் பெயரில் ஒரு சாவி உண்டாக்கச் சொன்னார். எதற்கு என்று முனகினேன். "நான் எங்கனா மாட்டிக்கினா யார்மே கையெழுத்துப் போடுவா?" என்றார். பாஸ்வேர்டு அடிக்கும் கட்டம் வந்ததும் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு துறைமுகக் கிரேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சோறு ஆறுகிற கவலை. அந்தச் சாவியை யார்டுக்காரர்களிடம் இரண்டாவது கையெழுத்தாகப் பதிவு செய்யச் சொல்லி, ஒப்புதலும் வாங்கி, மேவன் கோப்பின் அடியில் என் பெயரில் ஒரு பகுதியும் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். தலைவி நான், அந்தக் கோப்பைக் கடைசி வரி வரை ஒருதடவைகூடப் படித்ததில்லை.

என் மடிக்கணினியைத் திறந்து அக்கா பக்கம் தள்ளினேன். "நான் தொட மாட்டேன், ஒங்க கம்பெனி மிசினு" என்று கையை மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் தன் கணினியை ஏன் மூடினார் என்பது அப்போது புரிந்தது. அதுவும் ஒரு கம்பெனி மிசின்தான். அவர் வாயால் சொல்ல, நான் அடித்தேன். அந்தப் பகுதியை ஓடவிடு, பழைய சாவியின் பெயரை எடுத்துவிடு, அவ்வளவுதான். திரையில் பாஸ்வேர்டு கேட்டது. நான் சொல்லவே இல்லை, அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரைத் திருடி என்று நினைத்து வந்தேனோ அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க, நான் என் ரகசியத்தை அடித்தேன். முதல் தடவை தப்பாகப் போயிற்று.

கையெழுத்து விழுந்தது. இனி ஏற்ற வேண்டியதுதான். பழக்கதோஷத்தில், "ஏத்தட்டாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"என்ன இன்னாத்துக்குக் கேக்கற? நான் ஒங்க ஆபீஸா?" என்றார் அக்கா, திரும்பாமலே. பிறகு, மெதுவாக, "ஏத்து" என்றார்.

ஏறி முடிந்த கையோடு மேலாளர் போன் செய்தார். அவர் குரல் பெரியது, அறை சின்னது. "பாத்தியா? வெச்சிருப்பாங்கன்னு சொன்னேன்ல!" நான், "அவங்ககிட்ட இல்ல சார், என் சாவிதான்" என்று தொடங்கினேன். "சரி சரி, எப்படியோ வாங்கிட்ட, சூப்பர்" என்று வைத்துவிட்டார். அக்கா அத்தோவைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தார். கேட்டாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். அக்கா தட்டை என் முன்னால் நகர்த்தினார்.

"நீ கேட்டதுகூட பேஜாரு இல்லமே. எங்கிட்ட சாவி கீதுன்னு நம்பிக்கினே வந்துகீற பாரு, அதான்."

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே தண்ணீர் எடுக்கப் போனார். நான் அந்த அத்தோவை முழுதும் தின்றேன். மீதி வைக்கக் கூடாது என்றிருந்தது.

சாயங்காலத்துக்குள் வாசல் திறந்தது, லாரிகள் நகர்ந்தன. மறுநாள் அலுவலகத்தில் எனக்குக் கைதட்டல். பழைய ஆள் அமுக்கிக்கொண்டு போன சாவியைப் பக்குவமாகப் பேசி வாங்கிவந்தவள் நான். இல்லை என்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். "உங்க அக்காவ விட்டுக்குடுக்க மாட்டியே" என்று சிரித்தார்கள். நடந்ததை விளக்கி எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். மேலாளர் கட்டைவிரல் உயர்த்திய பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டார். இன்றைக்கும் புதிதாகச் சேருகிறவர்களிடம், முன்பு ஒரு அம்மா சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அன்றைக்குக் கையெழுத்துப் போட்டது என் பெயரிலுள்ள சாவி, அது உண்டான நாள் அக்கா வேலையை விட்ட நாளுக்கு முந்தியது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பொதுவில்தான் இருக்கிறது. ஒருத்தரும் பார்ப்பதில்லை.

அக்காவுக்கு அவ்வப்போது போன் செய்கிறேன். "நல்லா கீறேன்மே" என்பார், அம்மாவை விசாரிப்பார். வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்பதில்லை.

கையெழுத்துப் போடுவது இப்போது என் வேலை. 'ஏத்தட்டா' எல்லாம் போய் மின்னஞ்சல் ஒப்புதல் வந்துவிட்டது. நேற்றும் ஒரு பதிப்பு ஏற்றினேன். திரையில் பாஸ்வேர்டு கேட்டபோது பின்னால் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்கப்பா" என்றேன். இழுப்பறை பாதி திறந்திருந்தது, நீலக் கயிறு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவிடம் நான் ஒருநாளும் அப்படிச் சொல்ல வேண்டியிருந்ததில்லை.