எல்லாவற்றிலும் ஆழமான இடம்

என் பக்கத்து வளவுக்காரர் கல்லடியில் தோணி வைத்திருப்பவர். சுற்றுலாப் பயணிகளை, அவர் ஆறு என்று சொல்லும் வாவியில் ஏற்றிச் செல்ல அனுமதி வேண்டுமென்றால் ஆங்கில வாய்மொழிப் பரீட்சையில் தேற வேண்டும் என்று புது விதி வந்தது. தேறாவிட்டால் அந்தத் தொழில் விடுதிகளின் இயந்திரப் படகுகளுக்குப் போய்விடும். படிவத்தோடு என்னிடம் வந்தார்.

கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், நரைத்தவன் நான். ஆங்கில இலக்கணத்தின் ஒப்பீடும் எனக்கு ஒரு நடைமுறைதான். சிறிய சொல்லா, பின்னால் 'அர்', அதற்கும் மேலே 'எஸ்ட்'. நீளமான சொல்லா, முன்னால் 'மோர்', 'மோஸ்ட்'. நேரத்துக்கு வந்த எழுதுவினைஞர்களையெல்லாம் வருடாந்த அறிக்கையில் 'மிகச் சிறந்தவர்' என்று எழுதித் தள்ளிய கை இது.

அவர் 'டீப்' சொன்னார். 'டீப்பர்' சொன்னார். அதோடு நின்றார்.

"மற்றது வாயில வருகுதில்லையா?"

"வருது சேர். எல்லாத்திலயும் பெரிசு, எல்லாத்திலயும் ஆழம் எண்டு ஆத்தைப் பற்றிச் சொல்லப்படா. நாவூறு பட்டிரும். வலையில ஒண்டும் விழாது."

"இது ஆறில்ல, என்ட விறாந்தை."

"இஞ்ச இருந்து சொன்னாலும் அதுக்குக் கேக்கும்."

மறுநாள் காலை என்னைத் தோணியில் ஏற்றினார். தண்ணீர் எங்கும் ஒரே சாம்பல் நிறம். "இதில நெஞ்சு மட்டு. அங்கால ஒரு சாண் கூட" என்றார். பிறகுதான் கம்பை இறக்கினார். நனைந்த அடையாளம் சரியாக ஒரு சாண் ஏறியிருந்தது. இன்னொரு இடத்தில் கம்பு முழுதும் இறங்கியும் தரை தட்டவில்லை.

"அப்ப இதுதானே டீப்பெஸ்ட்?"

"போன மாரிக்கு முந்தி இதில மணல்திட்டு சேர். வாற மாரிக்குப் பிறகு எது எண்டு ஆருக்குத் தெரியும்?"

தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இதே தண்ணீருக்கு மேலாகப் பாலத்தில் தினமும் வேலைக்குப் போய் வந்தவன் நான். கீழே தரை நடமாடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

பரீட்சை இறங்குதுறையில் நடந்தது; நானும் கூடப் போனேன். வாவியில் ஆழமான இடம் எது என்று பரீட்சகர் அம்மா ஆங்கிலத்தில் கேட்டார்.

"திஸ் டீப், மேடம். தட் டீப்பர்."

"அண்ட் த டீப்பெஸ்ட்?"

அவர் வாவியைப் பார்த்தார். "டீப்பர் ஒன்லி, மேடம்."

தொலைந்தது என்று நினைத்தேன். அந்த அம்மா பேனாவை மூடினார். "எனக்கும் காட்டுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டுத் தோணியில் ஏறினார்.

திரும்பி வந்ததும் அந்த அம்மா பரீட்சைத் தாளில் அனுமதிக்கான சிபாரிசுக்குக் கீழே கையொப்பமிட்டார். 'டீப்பெஸ்ட்' கேள்விக்கான புள்ளிக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. விதிப்படி அப்படியொரு தாள் செல்லாது. இருமுறை பார்த்தேன், மடித்துத் தோணிக்காரரின் சட்டைப்பையில் வைத்தேன்.