எலுமிச்சை மண்டியும் அமெரிக்க அரசியல் சட்டமும்

அமெரிக்காவைக் கரைத்துக் குடிப்பதற்குக் குற்றாலத்து லாட்ஜின் ராத்திரி ரிசப்ஷனைவிட நல்ல இடம் கிடையாது. ராத்திரி வேலை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனசு எதையாவது பிடித்துத் தொங்கியே ஆகும். நான் பிடித்தது, ஒரு சீசனில் யாரோ அறையில் விட்டுப்போன குடியுரிமைத் தேர்வுக் கேள்வி-பதில் புத்தகம். பிள்ளைகளோடு அங்கே இருக்கும் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இப்போது போனில் நான்தான் வாத்தியார். அங்கே ரொம்ப வருஷம் வாழ்ந்த வயசாளிகள் தமிழிலேயே பதில் சொல்லலாம், மொழிபெயர்க்க ஓர் ஆள் இருப்பார். அமெரிக்காவை நான் பார்த்ததில்லை.

மண்டி அண்ணாச்சி

புளியங்குடியில் எலுமிச்சை மண்டி நடத்தியவர், இருபது வருஷமாக அமெரிக்காவில் மகள் வீட்டில் இருக்கிறார். ஊரில் அவருடைய அக்கா படுத்த படுக்கை. வந்து கூடவே இருக்கலாமென்றால், அதிக மாதம் தங்கினால் அங்கே குடியிருக்கும் அனுமதியே போய்விடும். குடிமகனாகிவிட்டால் அந்தப் பயமில்லை. ஆக, அக்காவைப் பார்க்க அவர் அமெரிக்கக்காரர் ஆகியாக வேண்டும்.

முதல் தேர்வில் தவறிவிட்டார். குற்றம் என்னுடையது. சட்டம் போட, ஆட்சி நடத்த, தீர்ப்புச் சொல்ல என்று அதிகாரங்களை ஏன் மூன்றாகப் பிரித்தார்கள் என்று கேட்டால், மண்டியில் ஆரம்பிப்பார். நான் தடுத்து, "தடைகளும் சமநிலைகளும்" என்று புத்தகத் தமிழை உருப்போட வைத்தேன். அங்கே போய் உட்கார்ந்ததும் அத்தனையும் மறந்துவிட்டது. மிச்சமிருப்பது ஒரே வாய்ப்பு. அதிலும் தவறினால் மனுவே முதலிலிருந்து. அதுவரை அக்கா இருக்க வேண்டுமே. "இந்தத் தடவை எலுமிச்சங்காயை இழுக்காதீங்க" என்றேன். "எலுமிச்சங்காய விட்டா எனக்கு வேற என்ன வே தெரியும்?" என்றார்.

இருபத்தேழு திருத்தம்

அவருக்கு மறுதேர்வுத் தேதி வரக் காத்திருந்த நாட்களில், செங்கோட்டையிலிருந்து போன ரிட்டையர்டு டீச்சர் ஒருவர் என்னிடம் படித்தார். அரசியல் சட்டத்துக்கு இதுவரை இருபத்தேழு திருத்தங்கள் என்று நான் சொன்னேன். நம்முடையது நூறைத் தாண்டியாச்சு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "இருவத்தேழு எடத்துல திருத்திருக்கான்னா, மொதல்ல எழுதினவனுக்கு நான் பாஸ் மார்க்கே போட மாட்டேன் தம்பி."

வாய் திறக்காத உரிமை

சுரண்டைக்காரர் ஒருவர், இங்கே போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற ஐந்தாம் திருத்தத்தைச் சொன்னதும், "அந்த ஊரு போலீசு பாவம்" என்று இரக்கப்பட்டார். நம் சட்டத்திலும் அது உண்டு என்றேன். "முப்பது வருச சர்வீஸ்ல எங்கிட்ட ஒருத்தனும் சொல்லலியே வே!"

பத்தாவது கேள்வி

அண்ணாச்சியின் தேர்வு நாளன்று சாரல் விடாமல் பெய்தது. ரூம் சாவிகளை நான் மாற்றி மாற்றிக் கொடுத்து வசவு வாங்கினேன். கடைசியில் அண்ணாச்சியின் போன் வந்தது.

பத்துக்கு ஆறு சரியாக வேண்டும். ஒன்பது முடிந்தபோது அவருக்கு ஐந்து. பத்தாவது: அரசின் ஒரு பிரிவு மட்டும் வலுத்துவிடாமல் எது தடுக்கிறது? நான் உருப்போட வைத்த சொல் வரவே இல்லையாம். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு மண்டிக்கே போய்விட்டார்.

"ஏலம் கூறுதவன் எடை போடப்பிடாது. எடை போடுதவன் ஏலம் கூறப்பிடாது. சண்டை வந்தா சங்கம் தீர்த்து வைக்கும். ஒருத்தன் கூடுதலா ஆடுனா மத்த ரெண்டு பேரும் பிடிச்சு நிறுத்திருவாங்க. மூணும் ஒரே கையில இருந்தா வெவசாயி செத்தான்னேன். அந்த மொழிபெயர்ப்பு அம்மா முழிக்கா. பெறவு ஒண்ணுவிடாமச் சொன்னா. அந்த ஆபீசர் பேனாவைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சான் வே."

"சரின்னாரா அண்ணாச்சி?"

"சரின்னுட்டான்."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. உறுதிமொழி எடுத்ததும் டிக்கெட் போடப்போவதாகச் சொன்னார். அக்காவிடம் சொல்லியாயிற்றாம், "சீக்கிரம் வாலே" என்றாளாம்.

"அமெரிக்கக்காரன் ஆயாச்சு வே. இனி நம்ம ஊருல நிம்மதியா இருக்கலாம்."

மூன்று அதிகாரமும் ஒரே ஆளிடம் சேரக் கூடாது என்று இத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்த நான், எங்கள் லாட்ஜில் ராத்திரியானால் மேனேஜர், வாட்ச்மேன், ரூம்பாய் மூன்றுமாக ஒற்றை ஆளாய் உட்கார்ந்திருக்கிறேன்.