முப்பத்தோரு சிவப்பு அட்டைகள்

கிருபாராணி வீட்டை விற்க முடிவெடுத்ததற்குக் காரணம் பதினேழு படிகள். கீழே வண்டி நிறுத்தும் இடமும் தண்ணீர்த் தொட்டியும்தான். வீடு முழுக்க மாடியில். ஓசூரில் மனை வாங்கிக் கட்டிய காலத்தில் அது யாருக்கும் தொந்தரவாக இல்லை. போன வருடம் கணவர் அருள்ஜோசப்புக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவரை இறக்கி ஏற்றுவதற்குள் அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும்.

நாசரேத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள் அவள். மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்து, இருபத்தாறு வருடம் வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டாள். வயதானவர் படியில் தவறி விழுந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பு எலும்பு முறியும், படுக்கையில் விழுவார், முதுகில் புண் வரும். இந்த வரிசையைப் பல வீடுகளில் பார்த்தாயிற்று. தன் வீட்டில் பார்க்க அவளுக்கு உத்தேசமில்லை.

ராயக்கோட்டை ரோட்டில் நாராயணம்மா டீச்சர் தன் தரைத்தள வீட்டை விற்கிறார். ஒரு படிகூட இல்லாத வீடு. மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் பேசமாட்டேன் என்று சொல்லியிருந்தார். அதை வாங்க வேண்டுமானால் இந்த மாடி வீடு அறுபத்திரண்டு லட்சத்துக்காவது போக வேண்டும். வந்து பார்த்த இரண்டு பேரும் ஐம்பத்தைந்துக்கு மேல் வாய் திறக்கவில்லை.

"வீடு நல்ல வீடும்மா. ஆனா உள்ள வந்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது" என்றார் புரோக்கர் மாதேஷ். "பெயின்ட் அடிங்க. அந்த ஏசு படத்தையும் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைங்க."

"படத்தை எடுத்தா சுவர்ல சதுரமா தழும்பு தெரியும். அதுக்குப் படமே இருக்கட்டும்" என்றாள் கிருபாராணி.

பெயின்ட் யோசனையை அவள் தள்ளிவிட்டாள். டாக்டர் பார்க்க வருமுன் நோயாளியைத் துடைத்து, தலை வாரி, விரிப்பு மாற்றி, கட்டிலடியில் கிடப்பதையெல்லாம் ஒதுக்குவது அவள் கை அறிந்த வேலை. வீட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டாள். திரைச்சீலைகளைத் துவைத்தாள். போர் தண்ணீரின் உப்பு படிந்த குழாய்களை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாள். சுவிட்சுகளின் அழுக்கு போயிற்று. உட்கார்ந்து மலம் கழிக்கும் நாற்காலி கண்ணில் படாத மூலைக்குப் போயிற்று. கட்டிலைச் சுவரோரம் தள்ளியதும் அறையே பெரிதாகத் தெரிந்தது.

"ஆள் வர்ற நாள்ல கருவாடு கிடையாது" என்றும் சொல்லிவிட்டாள்.

"வீட்டை வாங்கப்போறவன் கருவாடு திங்கமாட்டானா?" என்றார் அருள்ஜோசப்.

"திம்பான். அவன் வீட்டுல திம்பான்."

முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்த்தவர் அவர். மனைவி மட்டும் வேலை செய்வதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்? பழைய ஃபைல் அட்டைகளைக் கேட்டு வாங்கிச் சிவப்பிலும் பச்சையிலும் வெட்டிக்கொண்டார். ஒரு துணிப் பையில் போட்டு வாக்கரில் மாட்டினார். அறை அறையாக நகர்ந்து, குறை கண்ட இடமெல்லாம் ஒரு சிவப்பு அட்டையை ஒட்டினார். அவர் தொழிற்சாலை லைனில் பழுதான சாமானுக்கு அப்படித்தான் சிவப்பு மாட்டுவார்கள். சரி செய்ததும் பச்சை. ஒவ்வொரு அட்டையின் தலையிலும் பெரிய எழுத்தில் 'நிறுத்தி வைக்கப்பட்டது' என்று எழுதியிருந்தார். அதன் கீழே வரிசை எண், குறை, தேதி, பொறுப்பாளர்.

"எல்லாத்துலயும் பொறுப்பு ராணின்னு இருக்கு. நீங்க யாரு, மேனேஜரா?"

"ஆடிட்டர்."

பிசியோதெரபிஸ்ட் கெஞ்சிக் கூத்தாடியும் நாளுக்கு ஐம்பது அடி நடக்காத மனுஷன் காலையிலிருந்து நடந்துகொண்டே இருந்தார். ஆகையால் அவள் தடுக்கவில்லை. ஆள் வருமுன் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்று நினைத்தாள்.

ஆனேக்கல்லிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் மாலை நாலு மணிக்கு வருவதாகப் பேச்சு. மனிதர் காலை பதினோரு மணிக்கே மாதேஷைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கிருபாராணி காய் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவர் வாசல் கதவுக்கு எதிரே நின்றிருந்தார். கதவில் ஒன்றாம் நம்பர் அட்டை.

"ஜப்தி ஆகிதியா?" என்று மாதேஷிடம் கன்னடத்தில் கேட்டார். "பேங்க் நோட்டீஸா இது?"

"இல்ல சார், அது வந்து..." மாதேஷுக்கு அது என்னவென்றே தெரியாது.

காண்ட்ராக்டர் திறந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். சுவர், ஜன்னல், பீரோ, பாத்ரூம் கதவு, எங்கும் சிவப்பு. அவ்வளவுதான். விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் ஒரு வீடு ஜப்தியில் இருக்கிறது என்ற பேச்சு பரவி, வருவதாக இருந்த இன்னொருவரும் நின்றுபோனார்.

"அந்த அட்டையெல்லாம் கிழிச்சுப் போடுங்கம்மா, கும்பிடறேன்" என்று மாதேஷ் போனில் அழாக்குறையாகச் சொன்னார்.

கிழிக்கத்தான் எழுந்தாள். படிக்கட்டிலிருந்து தொடங்கலாம் என்று இறங்கினால், ஒன்பதாவது படியில் கைப்பிடிக் கம்பியில் ஓர் அட்டை கட்டியிருந்தது. 'கம்பி ஆடுகிறது.' பிடித்து ஆட்டினாள். அடிப்பக்கம் துருப்பிடித்து, நிஜமாகவே ஆடியது. அவரை இறக்கும்போதெல்லாம் அந்தக் கம்பியை நம்பித்தான் இறக்கியிருக்கிறாள். பிறகுதான் உறைத்தது: இதைக் கட்ட மனுஷன் தனியாக ஒன்பதாவது படி வரை இறங்கி, திரும்ப ஏறியிருக்கிறார்.

மேலே போய் முதலில் நன்றாகத் திட்டினாள். பிறகு எத்தனை அட்டை என்று கேட்டாள்.

"முப்பத்தொண்ணு."

"கிழிக்கலை. வேலையை முடிப்போம். மாசக் கடைசிக்கு எட்டு நாள்தான் இருக்கு."

மறுநாளே வெல்டர் வந்தார். அடுத்துத் தச்சரும் பிளம்பரும். கீல்களுக்கு எண்ணெய் விடுவதும் ஜன்னல் கொக்கி மாற்றுவதும் அவளே செய்தாள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அருள்ஜோசப் வாக்கரோடு வந்து ஆட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து, சிவப்பின் மேல் பச்சையை ஒட்டினார். இரண்டு இடத்தில் திருப்தியில்லாமல் தச்சரைத் திரும்பக் கூப்பிட்டார். "சார், இது வீடா, ராக்கெட்டா?" என்று தச்சர் முனகினார்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. இருபத்தெட்டு பச்சை, மூன்று சிவப்பு. மாதேஷ் ஒரு இளம் தம்பதியைக் கூட்டி வந்தார். சக்திக்குப் போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் வேலை. கம்பெனி பஸ் இந்தத் தெருமுனையில்தான் நிற்கும். அவன் மனைவி லாவண்யா இங்கேயே ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். இதுவரை பதினொரு வீடு பார்த்திருந்தார்கள்.

"இன்னைக்காவது கழட்டக்கூடாதா?" என்று மாதேஷ் பல்லைக் கடித்தார்.

"முடியாத வேலைக்கு நான் பச்சை போடமாட்டேன்" என்றார் அருள்ஜோசப்.

லாவண்யா கதவருகே நின்று முதல் அட்டையைப் படித்தாள். உள்ளே போய் அறை அறையாக மற்றதையும் படித்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"சார், நீங்க க்யூசியா?"

"முப்பத்திரண்டு வருஷம்மா."

"இருபத்திரண்டாம் நம்பர் இன்னும் குளோஸ் ஆகலையே?"

"பாத்ரூம் சுவருக்குள்ள போற பைப்பு, மழைக்காலத்துல கசியும். உடைச்சுத்தான் பார்க்கணும்."

"பதினொரு வீட்லயும் கசிவே இல்லைன்னு சொன்னாங்க, ஆன்ட்டி" என்று லாவண்யா கிருபாராணியிடம் திரும்பினாள். "ரெண்டு வீட்ல ஈரத்தை மறைக்க பீரோவை நகர்த்தி வெச்சிருந்தாங்க."

சக்தி தொண்டையைக் கனைத்தான். "மூணு சிவப்பு இருக்கே. அறுபதுன்னு வெச்சுக்கலாமா?"

அருள்ஜோசப் வாயைத் திறக்குமுன் கிருபாராணி முந்திக்கொண்டாள். "தம்பி, இருபத்தெட்டு வேலையை முடிச்சுக் கொடுக்கிறோம். மீதி மூணும் உங்க கண்ணு முன்னாடி இருக்கு. அறுபத்திரண்டுக்குக் குறைஞ்சா நான் போற வீட்டை வாங்க முடியாது. இழுத்துப் பேச எனக்கு நேரமில்லை."

சக்தி மனைவியைப் பார்த்தான். லாவண்யா மறுபடி ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்தாள். இந்த முறை குழாய்களைத் திறந்து பார்த்தாள், ஜன்னல்களைச் சாத்திப் பார்த்தாள்.

"சரி ஆன்ட்டி. அறுபத்திரண்டு. ஆனா அட்டை எதையும் எடுக்காதீங்க. எங்க அப்பாகிட்ட காட்டணும்."

மாதேஷ் முதல் முறையாக உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார். கிருபாராணி அவருக்கு ஒரு சொம்பு கொடுத்துவிட்டு, நாராயணம்மா டீச்சருக்குப் போன் போட்டாள்.

"டீச்சர், முடிஞ்சிருச்சு. நாளைக்கு ஆராதனை முடிஞ்சு நேரா அங்கதான் வர்றோம். அதுக்கு முன்னாடி உங்க பாத்ரூம் கதவு எத்தனை அங்குல அகலம்னு அளந்து சொல்லுங்க."

டீச்சர் டேப் தேடிப் போய், அளந்து, திரும்பி வந்து இருபத்தெட்டு என்றார். வாக்கர் தாராளமாக நுழையும்.