மேகத்தின் தலை சாயும் பக்கம்

போன வாரம் சொந்த ஊரான ஓடைப்பட்டிக்குப் போயிருந்தேன். மத்தியான வெயிலில் மேகமலைக்கு மேலே ஒரு இடிமேகம் எழுந்து, அதன் தலை தட்டையாக மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. பார்த்தேன். மனதில் ஒன்றும் அசையவில்லை. தொழில் புத்தி மட்டும், இது ஊர்ப்பக்கம்தான் வரும் என்றது.

விமானம் ஓட்டுகிறவனுக்குக் கோடை மழையின் சேதி மேலே இருந்துதான் வரும். உயரத்துக் காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மேகத்தின் தலை சாயும். பெரும்பாலும் மழையும் அங்கேதான் நகரும். அதனால் காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போவோம். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் நீங்களும் கவனியுங்கள். வேலையில் சேர்ந்த புதிதில் இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. விடுமுறையில் வந்தபோது அகப்பட்டவர் என் அண்ணன்.

அவருக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். பழுத்த நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும்.

"மேல கிழக்குக் காத்துண்ணே. மலையில மேகம் கட்டுனா இங்கனதான் வரும். இன்னைக்கே வெட்டிருங்க" என்றேன்.

"நாங்க மேகத்தோட அடியப் பாப்போம், நீ தலையப் பாக்குற" என்று சிரித்தார். ஆனாலும் வெட்டினார். சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. மற்றவர்களின் பழமெல்லாம் பந்தலிலேயே வெடித்தது.

மறுநாள் பக்கத்துத் தோட்டக்காரர் வாசலுக்கு வந்தார். "தம்பி சொன்னத எங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல" என்றார்.

"நானே முழுசா நம்பலய்யா" என்றார் அண்ணன். அதை வந்தவர் ஏற்கவில்லை. டீக்கடையில் ரொம்ப நாள் யாரும் அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் விளைச்சல் பிழைத்துக்கொண்டதற்காக ஒரு மனிதர் தலைகுனிந்து நடந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அதன்பின் ஒவ்வொரு கோடையிலும், பழம் பழுக்கும் நாளெல்லாம் காலையில் போன் வரும். சாப்பிட்டாயா என்ற பேச்சே கிடையாது. "மேல காத்து எங்கிட்டுப் போகுது?" சொன்னதும் வைத்துவிட்டு, மொபெட்டில் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொல்வார். பக்கத்துத் தோட்டக்காரருக்குத்தான் முதலில். நான் சொன்னது பொய்த்த நாட்களில், "மேகத்துக்குத் தெம்பில்ல போல" என்று என் சார்பில் சமாதானமும் சொல்வாராம்.

அண்ணன் மாரடைப்பில் போன செய்தி வந்தபோது, விமானம் எடுக்கும் முன் உயரத்துக் காற்றின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு ஆள் போடச் சொல்லிவிட்டு, படத்தை முழுக்கப் பார்த்து முடித்தேன். ஏன் என்று தெரியவில்லை. இன்றுவரை நான் அழவில்லை.

இப்போது எல்லோர் கைபேசியிலும் உயரத்துக் காற்று தெரிகிறது. அவரவர் பார்த்து அவரவர் வெட்டிக்கொள்கிறார்கள். யாரும் யார் தோட்டத்துக்கும் போய்ச் சொல்வதில்லை. சொல்லவில்லையே என்று யாரும் யார் வாசலுக்கும் வருவதும் இல்லை.