ஆறிய பிறகும் முனகிய கேக்

அந்தத் தெருவில் அவளைக் காதுக்காரி என்றுதான் சொல்வார்கள். பெரிய தோடாகப் போட்டிருப்பாள் என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான், மூளிக் காது. ஓவனிலிருந்து தட்டை எடுத்ததும் அவள் குனிந்து கேக்குக்குக் காது கொடுப்பாள். கடையில் நின்ற யாரோ அதைப் பார்த்துவிட்டு வைத்த பேர், ஒட்டிக்கொண்டது.

வேண்டுமென்று பழகியதில்லை. கல்யாணமாகி இந்த பேக்கரிக்கு வந்த புதிதில் அவளும் மணத்தை வைத்துத்தான் பதம் பார்த்தாள். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வெண்ணெய் கருகினாலும் தெரியாது, பால் திரிந்தாலும் தெரியாது. ரோல் கேக்குக்குத் தட்டில் ஊற்றும் மாவு விரல் கனம்கூட இராது. கொஞ்சம் அசந்தால் ஓரம் காய்ந்துவிடும். காய்ந்ததைச் சுருட்டினால் வறண்ட குளம் மாதிரி வெடிக்கும். தட்டுத் தட்டாகக் குப்பைக்குப் போயிற்று.

"மூக்குதான் போச்சு, முழி இருக்கில்ல? அதையாவது தொறந்து வைக்கக் கூடாதா?" என்று நாத்தனார் கல்லாவிலிருந்து கேட்டாள்.

கணவனின் அக்கா அவள். கல்லாவை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள் என்பதால் எல்லாருக்கும் கல்லாக்கா. வாய் கத்திதான். ஆனால் அந்தக் காய்ச்சலில் ஈரத்துணியோடு கட்டிலருகே உட்கார்ந்திருந்ததும் அவள்தான்.

ஒருநாள் தட்டை முகத்தருகே தூக்கியபோது காதுக்காரிக்கு அது கேட்டது. கேக்குக்குள்ளே சன்னமான பொரிச்சல், காய்ந்த இலைமேல் தூறல் விழுவது போல. பலமாகக் கேட்டால் உள்ளே இன்னும் ஈரம். அறவே அடங்கிவிட்டால் காய்ந்துவிட்டது. தூறல் விடப்போகிற நேரத்துச் சத்தம் இருக்கிறதே, அதுதான் பதம். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போன கேக்குகள்தான் சொல்லித் தந்தன. அந்தப் பதத்தில் எடுத்து, சர்க்கரை தூவிய துணியில் கவிழ்த்து, அடிக் காகிதத்தை உரித்து, சூட்டோடு துணியும் சேர்த்துச் சுருட்டி வைத்துவிட வேண்டும். ஆறிய பிறகு விரித்தாலும் அது சுருண்ட நினைப்பிலேயே கிடக்கும்.

உள்ளே வைப்பது பீட்ரூட். வாலும் தோலுமாக வேகவைத்தால்தான் நிறம் தண்ணீரில் இறங்காது. வெந்ததும் தோலை விரலாலேயே தள்ளிவிட்டு, மசித்துச் சல்லடையில் தேய்த்து, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் விட்டுச் சுண்ட வைப்பாள். எலுமிச்சை குறைந்தால் அந்தச் சிவப்பு ஆறிப்போன காயம் மாதிரி மங்கிவிடும். அதை வெண்ணெய்க் கிரீமில் கலந்து, கேக்கை விரித்துத் தடவி, மறுபடி சுருட்டித் துணியில் இறுக்கிக் குளிரில் வைப்பாள். வெட்டினால் வெள்ளையும் சிவப்புமாகச் சுழி. கடையே அந்தச் சுழியின் மேல்தான் நின்றது.

ஒரு காலை, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சுருளைப் பலகையில் வைத்துவிட்டுக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முனகல் கேட்டது.

ஆறிய கேக்கில் சத்தம் வராது. அவளைவிட அது யாருக்குத் தெரியும்? குனிந்து காதை வைத்தாள். துணிக்குள்ளிருந்து, வாயை மூடிக்கொண்டு ஒரு பெண் முனகும் மெட்டு. மெல்ல ஏறியது. ஏறின இடத்தில் எச்சில் விழுங்குவது போல ஒரு விக்கல். பிறகு இறங்கியது. மறுபடி ஏறியது.

அந்த மெட்டு அவளுக்குத் தெரியும்.

அவளுடைய அம்மா ஒரு விடுதிச் சமையலறையில் காய் நறுக்கியவள். தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் யாரோ பாடுவதாக அம்மா ஒருநாள் சொன்னாள். பிறகு தினமும் சொன்னாள். பிறகு பீட்ரூட் தோலை உரித்துக்கொண்டே அந்தப் பாட்டைத் தானும் முனக ஆரம்பித்தாள், விக்கலோடு சேர்த்து. வருகிறவர் போகிறவர் கையையெல்லாம் சிவப்பு விரல்களால் பிடித்து, "உனக்குக் கேக்குதா?" என்பாள். சமையல்காரர் இல்லை என்றார். அப்பா இல்லை என்றார். குழாயில் காதை வைத்துப் பார்த்துவிட்டு மகளும் இல்லை என்றாள். அவளுக்குக் கேட்கத்தான் இல்லை. கடைசியில் அம்மாவை உயரமான சுவர் வைத்த ஓர் இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து அவள் திரும்பி வரவில்லை.

காதுக்காரி ஜாம் சுருளில் காதை வைத்துப் பார்த்தாள். சத்தமில்லை. வெறும் கிரீம் சுருளிலும் இல்லை. பீட்ரூட்டில் மட்டும். மறுநாளும் அப்படியே. முனகலைவிட அவளைத் துரத்தியது வேறொன்று: இது தனக்கு மட்டும்தான் கேட்கிறதா? யாரையாவது கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் யாரையும் கேட்கவில்லை. பீட்ரூட் போடுவதையே நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா, இன்னிக்கும் பீட்ரூட் இல்லையா?" என்றான் கணவன், வேனில் சரக்கு ஏற்றிக்கொண்டே.

"காய் நல்லா இல்லீங்க."

"நான் பாத்து வாங்கினதுதானே. கல்லு மாதிரி இருந்துச்சே."

"கல்லு மாதிரி இருந்தா எப்படி வேகும்?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு வண்டியை எடுத்தான். கல்லாக்காவை அப்படி அனுப்ப முடியாது. அவள் எழுந்து சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வர்றவங்களுக்கெல்லாம் பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. என்ன, காய்கறியோட சண்டையா?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா கண்ணு ரெண்டும் குழி விழுந்து கெடக்கு? என் தம்பி ஏதாவது சொன்னானா? சொல்லு, காதைத் திருகிடறேன்."

"அவரு இல்லக்கா. கேக்கு."

"கேக்கு என்ன சொல்லிச்சு?"

கிண்டலாகத்தான் கேட்டாள். காதுக்காரி மேசையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். முனகலைச் சொன்னாள். அம்மா காய்ச்சலில் போனதாகத்தான் இந்த வீட்டில் இத்தனை நாளும் சொல்லியிருந்தாள். இப்போது குழாயையும் சுவரையும் சொன்னாள். மெட்டு எப்படி என்று மட்டும் முனகிக் காட்டவில்லை. அதை வாயில் வைத்துக்கொள்ளவே பயம்.

கல்லாக்கா சிரிக்கவில்லை. "ஒண்ணு செஞ்சு வை. நானே கேட்டுப் பாக்கறேன்."

"உங்களுக்குக் கேக்கலேன்னா?"

"டாக்டர்கிட்ட போவோம். கேட்டுச்சுன்னா டிக்கெட் போட்டு ஆள் விடுவோம்."

மதியம் கடையில் ஈ ஆடாத நேரத்தில் சுருளைப் பலகையில் எடுத்து வைத்தாள். நின்ற இடத்திலேயே அவளுக்கு முனகல் கேட்டது. கல்லாக்கா மூட்டுவலியைத் திட்டிக்கொண்டே குனிந்து துணியில் காதை வைத்தாள். திட்டு பாதியில் நின்றது. வெகுநேரம் அப்படியே இருந்தாள். நிமிர்ந்தபோது கன்னத்தில் துணியின் மடிப்பு பதிந்திருந்தது.

"ஒண்ணுமில்லம்மா."

"நல்லாக் கேளுங்கக்கா."

"கேட்டேன். வெறும் கேக்குதான். நாளைக்கு டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்."

அதில் குத்தலும் இல்லை, கேலியும் இல்லை. கல்லாக்காவின் வாயிலிருந்து அப்படியொரு பேச்சு வந்து அவள் கேட்டதே இல்லை. அக்கா கடைப்பக்கம் போனதும் காதுக்காரி முக்காலியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், முடிந்தது. டாக்டர், மாத்திரை, அப்புறம் உயரமான சுவர். அம்மா போன பாதை அவள் காலடியிலும் வந்து நின்றது.

அப்போது கடைப்பக்கமிருந்து வந்தது. மெல்ல ஏறியது. எச்சில் விழுங்குவது போல ஒரு விக்கல். இறங்கியது.

காதுக்காரி முக்காலியை விட்டு எழுந்தாள். எட்டிப் பார்த்தாள். கல்லாக்கா அலமாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன பாட்டு அது?"

"எது?"

"இப்ப முனகினீங்களே."

"நானா? வாயைத் தொறக்காம கண்ணாடி தொடைச்சிட்டு இருக்கேன். உனக்கு நாளைக்கு இல்ல, இன்னிக்கே டாக்டரைப் பாக்கணும் போல." சொல்லிவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தாள். நாலு துடைப்புக்குப் பிறகு மூடிய வாய்க்குள்ளிருந்து முனகல் மறுபடி கிளம்பியது. அவளுக்கே தெரியவில்லை.

அப்படியானால் தனக்குப் பைத்தியம் இல்லை. அம்மாவுக்கும் இல்லை. மார்பிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கிய கல் எங்கே போய் விழுந்தது என்றுதான் பார்க்கத் துணிவில்லை. அன்றைக்கு இல்லை என்று சொன்ன சமையல்காரர் பாத்திரம் கழுவும்போது என்ன முனகினார்? அப்பா முகம் மழிக்கும்போது? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் டாக்டர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பீட்ரூட் சுருளைக் குளிரிலிருந்து எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை வைத்தாள். ஒன்றுமில்லை. துணியை விலக்கி வைத்துப் பார்த்தாள். தன் ரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு, விழுந்த சத்தத்துக்காகக் காத்திருப்பது போல இருந்தது.

கதவு திறந்தது. கல்லாக்கா தலைகூட வாரவில்லை. நேராகப் பலகைக்கு வந்தாள். யாரும் கேட்காமல் தானே குனிந்து காதை வைத்தாள். அவள் முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, சின்னப் பிள்ளையின் முகம் போல ஆயிற்று. நிமிராமலேயே கையை நீட்டி, காதுக்காரியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏம்மா," என்றாள். "உனக்குக் கேக்குதா?"

காதுக்காரி சுருளின் அடுத்த முனையில் காதை வைத்தாள். எதிரெதிரே இரண்டு முகங்கள், நடுவில் ஒரு கேக். அவள் பக்கம் முழு அமைதி. உள்ளதைச் சொன்னால் ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லைத்தான் அன்றைக்கு அம்மாவிடம் எல்லாரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள், பொய்யில்லாமல். மணிக்கட்டில் பிடி இறுகியது.

"கேக்குதுக்கா," என்றாள். "ஏறி இறங்குது. நடுவுல ஒரு விக்கல்."

கல்லாக்கா மூச்சை விட்டாள்.

"அப்ப சரி," என்றாள். "அப்ப நமக்கு ஒண்ணுமில்ல."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, ஷட்டரைத் தூக்கப் போனாள். காதுக்காரி சத்தமில்லாத சுருளைப் பிரித்து, ஓரத்தைச் சீவிவிட்டு, துண்டு போட ஆரம்பித்தாள். வெளியே ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள்.