ஓவர்லோடு

கம்பெனியில் அவருக்கு ஓவர்லோடு என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக். அவர் கால் வைத்தாலே லிஃப்ட் அலறும் என்று எவனோ ஆரம்பித்த கேலி, அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த உடம்புக்குக் கம்பெனியில் தனியாக ஒரு வேலையே இருந்தது.

லிஃப்டில் அளவுக்கு மேல் பாரம் ஏறினால் மணி அடிக்க வேண்டும். எந்தப் பாரத்தில் அடிப்பது என்பதைக் கூண்டின் அடியில் உள்ள ஒரு திருகு முடிவு செய்யும். அதைச் சரிபார்க்க இரும்பு எடைக்கட்டிகளைத் தூக்கி வந்து உள்ளே அடுக்குவார்கள். கடைசி ஆறு கட்டிகளை மட்டும் யாரும் தூக்குவதில்லை. "ஓவர்லோடு, ஏறு" என்பார் போர்மேன். இவர் ஏறி நிற்பார். ஆறு கட்டி எடை கச்சிதமாக வந்துவிடும். மணி அடிக்கும்வரை திருகைத் திருப்பிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள்.

கூண்டின் கூரைத் திறப்பில் ஒருநாள் பாதி உடம்போடு மாட்டிக்கொண்டு, கீழே நின்றவர்கள் காலைப் பிடித்து இழுத்து இறக்கிய பிறகுதான் அவருக்கு ரோஷம் வந்தது. ஆபரேஷன் செய்துகொண்டார். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு சிலிக்கான் வளையம். தோலுக்கு அடியில் ஒரு சின்ன மூடி. அதன் வழியே ஊசியால் உப்புநீரை ஏற்றினால் வளையம் இறுகும், உறிஞ்சினால் தளரும். டாக்டர் சொல்லி முடிப்பதற்குள், "பிரேக்கை டைட் பண்ற மாதிரிதானே" என்று இவர் தலையாட்டிவிட்டார்.

பிறகு அரைக் கிண்ணச் சாப்பாடு. மனைவி அதை மசித்துக் கொடுத்து எதிரே உட்கார்ந்துகொள்வாள். அவசரமாக விழுங்கி அடைத்துக்கொண்டால் வாளியை நீட்டுவதும் அவள்தான். மனிதர் இளைத்தார். பழைய பேன்ட்டில் இன்னொரு ஆள் நுழையலாம் என்கிற அளவுக்கு இளைத்தார். வாய் மட்டும் இளைக்கவில்லை. கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் மனக்கட்டுப்பாடு பற்றி வகுப்பெடுத்தார். வாளியைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் குடியிருந்த கட்டடத்து லிஃப்ட் வினோதமாக நடக்க ஆரம்பித்தது. வீடு ஐந்தாம் மாடி. காலையில் மேல்மாடிக்காரர்களை ஏற்றிக்கொண்டு வரும் லிஃப்டில் மனைவிதான் கடைசியாக ஏறுவாள். ஏறியதும் மணி அலறும். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் கூனிக்குறுகி இறங்கிவிடுவாள். தினமும் இதே கதை. கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"மெஷின் பொய் சொல்லாதும்மா. போன மாசம்தான் நானே ஏறி நின்னு செட் பண்ணது. பேசாம நீயும் ஒரு வளையம் போட்டுக்கோ."

அவள் லிஃப்டை விட்டுப் படிக்கட்டுக்கு மாறினாள். மாடிகளை ஏறி இறங்கியும் அந்தச் சிரிப்பு மனதைவிட்டு இறங்கவில்லை. கடைசியில் அதே டாக்டரிடம் போய் நின்றாள். உங்களுக்கு அவசியமில்லை என்று முதலில் மறுத்தவர், அவள் விடாப்பிடியாக நின்றதும் இறங்கிவந்து தேதி கொடுத்துவிட்டார்.

அட்மிட் ஆவதற்கு முதல் நாள், வேறொரு கட்டடத்திலிருந்து கம்பெனிக்குப் புகார் வந்தது. எட்டுப் பேர் போகிற லிஃப்ட் ஏழு பேருக்கே கத்துகிறதாம். போர்மேன் எடைக்கட்டிகளோடு இவரைக் கூட்டிப்போய், பழைய வழக்கப்படி, "ஓவர்லோடு, ஏறு" என்றார். இவர் ஒரு காலை உள்ளே வைத்தார். வைத்த கால் அப்படியே நின்றுவிட்டது. இப்போது இவர் நாலு கட்டிதான். இளைத்ததற்குக் கைகுலுக்கிப் பாராட்டிய அத்தனை பேரும், அதே கையோடு இவரை ஆறு கட்டியாகவே எண்ணி ஊரில் பாதி லிஃப்ட்களின் திருகை, இரண்டு கட்டி முன்னாலேயே கத்தும்படி முடுக்கியிருக்கிறார்கள். இவரும் புதுச் சட்டையில் விறைப்பாக நின்று கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு ஓடினார். மனைவி ஆஸ்பத்திரிக்குப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார்.

"அப்போ நான் குண்டாகலையா?"

"நீ எப்பவும் போலத்தான் இருக்கே."

"இதை லிஃப்ட் வந்து சொல்லணுமா? தினமும் உங்க எதிர்லதானே உட்கார்ந்திருக்கேன்."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

அன்றே அந்தக் கடைசி ஆறு கட்டிகளையும் தானே தூக்கிவந்து கட்டடத்து லிஃப்டைச் சரிசெய்தார். அவளைக் கீழே வரச் சொல்லி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏறு. இனிமே கத்தாது."

"கத்தினா கத்தட்டும், கத்தாட்டி போகட்டும்" என்று அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

அவர் லிஃப்டை விட்டுவிட்டுப் பின்னாலேயே போனார். இத்தனை நாள் ஏறிய பழக்கம், அவள் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடியில் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மேலிருந்து அவள் குரல் வந்தது.

"மெதுவா வாங்க. பாவம், இளைச்ச உடம்பு."